பக்குவமான எதிர்ப்பு

2019 ஏப்ரல் 8. சேலம்–சென்னை எட்டு வழிச் சாலைக்கு நிலம் எடுக்க விட்ட அறிவிப்பு செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. வழக்குப் போட்டவர்களில் ஒருவர் அன்றைய தருமபுரி எம்.பி. மருத்துவர் அன்புமணி இராமதாஸ். எதிர்த்தரப்பில் நின்றவை பா.ஜ.க.வின் மத்திய அரசும் அ.தி.மு.க.வின் மாநில அரசும். வாக்குப்பதிவுக்குப் பத்து நாள்தான் பாக்கி. அன்புமணி அப்போது தருமபுரியில் யாருடைய கூட்டணியில் ஓட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்? அதே பா.ஜ.க., அதே அ.தி.மு.க.

கோர்ட்டில் எதிரெதிரே நின்றவர்கள் பந்தியில் பக்கத்து இலையில் உட்காரக் கூடாது என்று இந்த நாட்டில் சட்டம் எதுவும் இல்லை. நல்லதாகப் போயிற்று.

தீர்ப்பின் ஈரம் காயுமுன் சேலத்தில் ஒரு பிரசாரக் கூட்டம். மேடையில் மத்திய அமைச்சர் நிதின் கட்கரி, முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி, பா.ம.க. நிறுவனர் மருத்துவர் இராமதாஸ். கட்கரி மைக்கைப் பிடித்தார். விவசாயிகளோடு பேசுவோம், கூடுதலாக இழப்பீடு கொடுப்போம், ஆனால் எட்டு வழிச் சாலை வந்தே தீரும் என்றார். மனிதர் நேர்மையானவர். ஓட்டுக் கேட்க வந்த இடத்தில், ஓட்டுப் போடுகிறவர்களின் நிலத்தை எடுப்போம் என்று முகத்துக்கு நேராகச் சொல்ல நெஞ்சில் உரம் வேண்டும். வாதியின் அப்பா பிரதிவாதிகளோடு ஒரே வரிசை நாற்காலியில் இருந்தார். மேடை அமைதியாகக் கேட்டுக்கொண்டது.

அதற்கு முந்தைய ஆண்டு ஜூன் மாதத்தை நினைத்துப் பாருங்கள். காஞ்சிபுரம், திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் என்று ஐந்து மாவட்டங்களில் 277 கிலோமீட்டருக்குக் கோடு போட்டார்கள். வருவாய்த் துறைக்காரர்கள் போலீஸ் துணையோடு காட்டுக்குள் இறங்கிக் கல் நட்டார்கள். கிணறு போகிறது, தென்னை போகிறது என்று மண்ணில் விழுந்து அழுத பெண்களைத் தொலைக்காட்சியில் ஊரே பார்த்தது. எதிர்த்துப் பேசியவர்களை வீட்டுக்கே வந்து பிடித்துக்கொண்டு போனார்கள். அப்போது அன்புமணி அந்தச் சனங்களின் பக்கம் நின்றார், கோர்ட்டுக்கும் போனார், வெல்லவும் செய்தார். இதை மறைப்பது பாவம். வென்ற கையோடு தோற்றவர்களுக்கே ஓட்டுப் போடச் சொன்னார் என்பதை மறைப்பது அதைவிடப் பெரிய பாவம். தருமபுரி மாவட்டத்து அரூர்க்காரன் பாவம், எந்தக் கையால் எந்தப் பக்கம் தட்டுவான்?

இப்படிப்பட்ட அரசியலை வெளிநாட்டு ஏடுகளில் மரியாதையாக 'மிதவாத எதிர்க்கட்சி' என்று எழுதுகிறார்கள். அதன் உலகப் புகழ் பெற்ற மாதிரி ரஷ்யாவில் இருக்கிறார். கிரிகோரி யாவ்லின்ஸ்கி. பொருளாதார நிபுணர். சோவியத் யூனியன் மூச்சு விட்டுக்கொண்டிருந்த 1990இல், 500 நாளில் நாட்டைச் சந்தைப் பொருளாதாரத்துக்கு மாற்றிக் காட்டுகிறேன் என்று திட்டம் போட்டவர்களில் ஒருவர். 1993இல் 'யாப்லகோ' அணியைத் தொடங்கினார். 1996 அதிபர் தேர்தலில் 7.3 விழுக்காடு ஓட்டு வாங்கினார். 2018இல் வாங்கியது சுமார் 1 விழுக்காடு. நடுவில் 2012இல் நிற்கவே விடவில்லை. கொடுத்த கையெழுத்துகள் சரியில்லை என்று தள்ளிவிட்டார்கள். முப்பது ஆண்டு எதிர்க்கட்சி வாழ்க்கையில் அவர் வீழ்த்திய அரசு எதுவும் இல்லை. ஆனால் நாகரிகமானவர், படித்தவர், சத்தம் போடாதவர். கிரெம்ளினுக்கு இதைவிடத் தோதான எதிரி கிடைப்பது கஷ்டம்.

புதினை எதிர்த்த அலெக்சேய் நவால்னியும் ஒரு காலத்தில் யாப்லகோ உறுப்பினர்தான். 2007இல் அவரை வெளியேற்றினார்கள். தேசியவாதம் பேசுகிறார் என்பது காரணம். அதில் நியாயமும் இருந்தது. ஆனால் 2021 பிப்ரவரியில், விஷம் வைத்தும் சாகாமல் நாடு திரும்பிய நவால்னியை நீதிமன்றம் சிறைக்கு அனுப்பிய அதே வாரத்தில், யாவ்லின்ஸ்கி பேனாவை எடுத்து நவால்னியின் அரசியலைக் கண்டித்து நீண்ட கட்டுரை எழுதினார். புதினையும் கண்டித்திருந்தார், இல்லையென்று சொல்லவில்லை. என்றாலும் சிறைக்குள் போகிறவன் முதுகில் ஒரு குட்டு வைக்க அந்த வாரம்தான் வாய்த்ததா? 2023 அக்டோபரில் அதே யாவ்லின்ஸ்கி புதினைத் தனியாகச் சந்தித்தார். உக்ரைன் போர் நிறுத்தம் பற்றிப் பேசியதாகச் சொன்னார். போர் நிற்கவில்லை. ஒரு கோடிப் பேர் கையெழுத்துப் போட்டால் அடுத்த அதிபர் தேர்தலில் நிற்பேன் என்றார். ஒரு கோடி சேரவில்லை, அவரும் நிற்கவில்லை. நவால்னி 2024 பிப்ரவரி 16 அன்று ஆர்க்டிக் பகுதிச் சிறையில் செத்துப்போனார்.

இந்த மிதவாதத்தின் இயந்திரம் இவ்வளவுதான்: மேலே இருப்பவனிடம் பேசும்போது குரல் பஞ்சு, கீழே கிடப்பவனிடம் பேசும்போது குரல் இரும்பு.

யாவ்லின்ஸ்கிக்காக நான் ஒரு வாதம் வைப்பேன். அவருடைய ஊரில் எதிர்க்கட்சித் தலைவர் போரிஸ் நெம்த்சோவை 2015இல் கிரெம்ளின் மதில் தெரிகிற பாலத்தில் சுட்டுப் போட்டார்கள். யாப்லகோவின் ஆட்களே போரை எதிர்த்ததற்காக வழக்கையும் அபராதத்தையும் சிறையையும் பார்த்தார்கள். அந்த ஊரில் குரலைத் தாழ்த்துகிறவனைக் கோழை என்று சொல்ல, தருமபுரியில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் எனக்கு யோக்கியதை இல்லை. பயம் என்ற காரணமாவது அவரிடம் இருக்கிறது.

இராமதாஸின் தைலாபுரம் தோட்டத்துக்கு என்ன பயம்? யார் விஷம் வைத்தார்கள்? எந்தப் பாலத்தில் யார் துப்பாக்கியோடு நின்றார்கள்?

2017இல் அன்புமணி ஆளுநர் மாளிகைக்குப் போய் அ.தி.மு.க. ஆட்சியின் ஊழல்கள் என்று ஒரு நீண்ட பட்டியலைக் கொடுத்தார். 2019 பிப்ரவரி 19 அன்று அதே ஆட்சியின் கட்சியோடு கையெழுத்துப் போட்டார்கள்: ஏழு மக்களவைத் தொகுதி, ஒரு ராஜ்யசபா சீட். மூன்று நாளில் தைலாபுரம் தோட்டத்தில் விருந்து. பட்டியலில் இருந்த ஆட்சியின் முதலமைச்சரும் அமைச்சர்களும் இலை முன்னால் அமர்ந்தார்கள். முதல் பட்டியல் ஆளுநருக்கு, அடுத்த பட்டியல் சமையல்காரருக்கு. இரண்டாவது பட்டியலில் இருந்தவை அனைத்தும் நிறைவேற்றப்பட்டன என்று நம்புகிறேன்.

இது புதுப் பழக்கமும் இல்லை. 1998இல் அ.தி.மு.க., 1999இல் தி.மு.க., 2001இல் அ.தி.மு.க., 2004இல் தி.மு.க., 2009இல் அ.தி.மு.க., 2011இல் தி.மு.க. தருமபுரி பஸ் ஸ்டாண்டில் சேலம் வண்டியும் பெங்களூரு வண்டியும்கூட இவ்வளவு ஒழுங்காக மாறி மாறிப் புறப்படுவதில்லை. 2011இல் முப்பது தொகுதியில் நின்று மூன்றில் மட்டும் வென்றதும் ஞானம் பிறந்தது. இனித் திராவிடக் கட்சிகளோடு ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று கட்சி தீர்மானம் போட்டது. அந்த ஞானத்துக்கு ஆயுள் எட்டு வருஷம். தமிழ்நாட்டுத் தீர்மானங்களின் சராசரியைப் பார்த்தால் அது தீர்க்காயுசுதான்.

ஒரு நியாயம் சொல்லிவிட வேண்டும். 2004 முதல் 2009 வரை மத்திய சுகாதார அமைச்சராக இருந்த அன்புமணி சும்மா இருந்தவர் இல்லை. தேசிய ஊரக சுகாதார இயக்கம் அவர் காலத்தில் வந்தது. 2008 அக்டோபர் 2 முதல் பொது இடத்தில் புகைக்கத் தடை வந்தது. சிகரெட் கம்பெனிகளோடு மல்லுக்கு நின்றார். அதாவது, மோதத் தெரியாதவர் இல்லை. எவனோடு மோதினால் சீட் போகும், எவனோடு மோதினால் போகாது என்று தெரிந்தவர். அது தனிப் படிப்பு.

அமைச்சர் பதவியைச் சொன்னால் சாட்டையையும் சொல்ல வேண்டும். தானோ தன் வாரிசுகளோ பதவிக்கு வந்தால் முச்சந்தியில் நிறுத்திச் சாட்டையால் அடியுங்கள் என்ற பொருளில் பெரிய அய்யா இராமதாஸ் அந்தக் காலத்தில் சொன்ன வாக்கு வடமாவட்டங்களில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மகன் 2004இல் ராஜ்யசபா வழியாக நேரே மத்திய அமைச்சர். 2014இல் தருமபுரி எம்.பி. 2016இல் மாற்றம், முன்னேற்றம் என்று தன் பெயரையும் சேர்த்துச் சுவரெங்கும் எழுதி முதலமைச்சர் வேட்பாளர். பென்னாகரத்தில் 18,446 ஓட்டில் தோல்வி, கட்சிக்கு ஒரு இடமும் இல்லை. 2019இல் தருமபுரியில் 70,753 ஓட்டில் தோல்வி. மே மாதம் மக்கள் வேண்டாம் என்றார்கள். ஜூலையில் போட்டியே இல்லாமல் ராஜ்யசபா உறுப்பினர். மக்கள் கொடுத்த ஓய்வு இரண்டு மாதம்கூட நீடிக்கவில்லை. 2024இல் தருமபுரிக்குக் கட்சிக்காரர் ஒருவரை வேட்பாளராக அறிவித்தார்கள். அவர் மாலையைக் கழற்றுமுன் அவரையே மாற்றிவிட்டு மருமகள் சௌமியா அன்புமணியை நிறுத்தினார்கள். 21,300 ஓட்டில் அவரும் தோற்றார். சாட்டை இன்னும் புதுசாகவே இருக்கிறது. முச்சந்திகளையும் மேம்பாலம் கட்டி மூடிவிட்டார்கள்.

அந்த ராஜ்யசபா சீட்டில் உட்கார்ந்து செய்த ஒரு காரியத்தை மட்டும் என்னால் சிரித்துக் கடக்க முடியவில்லை. 2019 டிசம்பர் 11. குடியுரிமைத் திருத்த மசோதா மாநிலங்களவைக்கு வந்தது. பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் நாடுகளின் முஸ்லிம் அல்லாத அகதிகளுக்கு அதில் இடம் உண்டு. மண்டபம் முகாம் தொடங்கித் தமிழ்நாடு முழுக்க முகாம்களில் இரண்டு தலைமுறையாகக் கிடக்கும் இலங்கைத் தமிழருக்கு அதில் இடம் இல்லை. ஈழம் என்றால் மேடையில் நரம்பு புடைக்கும் கட்சியின் ஒரே எம்.பி. அந்த மசோதாவை ஆதரித்து ஓட்டுப் போட்டார். ஈழத் தமிழனுக்காகத் தில்லியில் ஒரு பொத்தானை அழுத்தாமல் இருந்திருந்தால் போதும். இங்கே பென்னாகரத்தில் கண்ணீர், அங்கே பொத்தான்.

குரல் இரும்பாவது எப்போது என்று கேட்டால், 2012 நவம்பர் 7ஆம் தேதிக்கு வர வேண்டும். தருமபுரி நாயக்கன்கொட்டாய் பக்கம், சாதி மாறிய ஒரு கல்யாணத்தைச் சாக்காக வைத்து நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி காலனிகளை ஒரு கும்பல் கொளுத்தியது. இருநூற்றுக்கும் மேற்பட்ட தலித் வீடுகள். பெங்களூருக்குக் கூலி வேலைக்குப் போய்ச் சேர்த்த டி.வி.யும் பீரோவும் பிள்ளைகளின் சர்டிபிகேட்டும் அரிசி மூட்டையும் ஒரே சாயங்காலத்தில் கரி. அந்தச் சாம்பல் ஆறுவதற்குள் பெரிய அய்யா என்ன செய்தார்? அடுத்த மாதமே பல சாதித் தலைவர்களைக் கூட்டி வைத்து, 'நாடகக் காதல்' ஊரைக் கெடுக்கிறது என்று மாவட்டம் மாவட்டமாகப் பேசினார். வீடு இழந்தவனைப் பற்றிப் பேச வேண்டிய வாய், அவன் பிள்ளை போடுகிற ஜீன்ஸையும் கண்ணாடியையும் பற்றிப் பேசியது. அந்தக் கல்யாணத்து இளைஞனை மறு ஆண்டு ஜூலை 4 அன்று தருமபுரி ரயில் பாதையோரம் பிணமாக எடுத்தார்கள்.

கட்கரிக்கு முன்னால் வராத குரல், கூரை எரிந்தவனுக்கு முன்னால் கணீரென்று வந்தது. இதற்குப் பெயர் மிதவாதம் என்றால், எங்கள் ஊர்க் கந்துவட்டிக்காரன் காந்தியவாதி.

சொந்தச் சனங்களுக்காவது இந்த அரசியல் என்ன செய்தது? 1987 செப்டம்பரில் இட ஒதுக்கீடு கேட்டு இராமதாஸின் வன்னியர் சங்கம் ஒரு வாரம் சாலையை மறித்தது. 21 பேர் செத்தார்கள். அந்த உயிர்களின் விலையில் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கான 20 விழுக்காடு 1989இல் வந்தது. அது போராட்டம். எவனும் அதை மிதவாதம் என்று சொல்லவில்லை. அதே கோரிக்கையின் அடுத்த கட்டம் எப்படி வந்தது பாருங்கள். 2021 பிப்ரவரி 26, சட்டமன்றத்தின் கடைசி நாள். தேர்தல் தேதியைத் தேர்தல் ஆணையம் அறிவிக்கிற அதே நாளில், வன்னியருக்கு 10.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டு மசோதா அவசர அவசரமாக நிறைவேறியது. மறுநாள் அ.தி.மு.க.வோடு ஒப்பந்தம், பா.ம.க.வுக்கு 23 தொகுதி. சட்டத்தைத் தாங்குகிற அளவுக்குப் புள்ளிவிவரம் திரட்டினீர்களா என்று கேட்க அன்று யாருக்கும் நேரமில்லை. நீதிமன்றம் கேட்டது. நவம்பர் 1 அன்று உயர் நீதிமன்றம் ரத்துச் செய்தது. 2022 மார்ச் 31 அன்று உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. தேர்தலுக்கு முதல் நாள் இறக்கிய கள் மறுநாளே புளித்துவிட்டது. 23 தொகுதியில் ஐந்து வந்தது. சட்டம் போனது, சீட் மிஞ்சியது. 21 குடும்பத்துக்கு யார் இந்தக் கணக்கை விளக்கப் போகிறார்கள்?

தண்ணீருக்கு வருவோம். தருமபுரி மண்ணில் ஃபுளோரைடு. பல் மஞ்சளாகி முதுகு வளைந்த தலைமுறைகள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பான் கடனில், 1,928 கோடி மதிப்பீட்டில் வந்தது குடிக்கத்தான், காட்டுக்கு இல்லை. காவிரியின் உபரி நீரை ஏரிகளுக்கு ஏற்றுங்கள் என்று அன்புமணி எம்.பி.யாக இருந்தபோது பத்து லட்சம் கையெழுத்து இயக்கம் நடத்தினார். நல்ல கோரிக்கை. 2024 அக்டோபர் 4 அன்று அதற்காக மாவட்டத்தில் அரை நாள் கடையடைப்பும் நடத்தினார்கள்.

ரஷ்யாவில் 2024 ஜனவரியில் போரிஸ் நதேஜ்தின் என்ற மிதவாதிக்காக உறைபனியில் சனங்கள் வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டார்கள். போட்டவனின் பெயரும் முகவரியும் அரசாங்கத்தின் கைக்குப் போகும் என்று தெரிந்தே போட்டார்கள். ஒரு லட்சத்துக்கு மேல் சேர்ந்தது. பிழை கண்டுபிடித்துத் தள்ளினார்கள். எங்கள் கையெழுத்துகளை யாரும் தள்ளவில்லை. அவ்வளவு சிரமம் எடுத்துக்கொள்ள யாருக்கும் அவசியம் வரவில்லை. மாநிலத்தில் யாரோடு கூட்டணி இருந்ததோ அந்த ஆட்சியிடம், இதைச் செய்யாவிட்டால் ஏழு தொகுதியும் வேண்டாம், ராஜ்யசபாவும் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பத்து லட்சம் பேர் பேனா பிடித்திருக்கவே வேண்டாம். மொரப்பூர்–தருமபுரி ரயிலும் அப்படித்தான். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மூடிய பாதை. 2019 தேர்தலுக்கு முன்னால் அடிக்கல் நட்டார்கள். கல் இருக்கிறது.

இதை வாசித்துவிட்டு உதயசூரியன்காரர்கள் விசில் அடிக்க வேண்டாம். எதிர்க்கட்சியாக இருந்தபோது எட்டு வழிச் சாலைக்கு எதிராகத் தொண்டை கிழியக் கத்திய தி.மு.க., ஆட்சிக்கு வந்த மறு வருஷமே, நாங்கள் அதை எதிர்க்கவில்லை, விவசாயிகளைக் கலந்து செய்யச் சொன்னோம் என்று அமைச்சர் எ.வ. வேலு வாயால் விளக்கம் கொடுத்தது. மா மரத்தில் பிஞ்சு துவர்க்கும், காய் புளிக்கும், பழுத்தால்தான் இனிக்கும். இங்கே எந்தக் கட்சியின் எதிர்ப்பும் கோட்டையின் வெயில் லேசாகப் பட்டாலே பழுத்துவிடுகிறது.

பா.ம.க.வில் அது பழுத்ததோடு நிற்கவில்லை. 2024 டிசம்பர் 28, புதுச்சேரி அருகே சிறப்புப் பொதுக்குழு. பேரனை இளைஞர் அணித் தலைவர் என்று பெரிய அய்யா அறிவிக்க, கட்சிக்கு வந்து நாலு மாசம்கூட ஆகவில்லையே என்று மகன் மேடையிலேயே மறுத்தார். நான் உண்டாக்கிய கட்சி, பிடிக்காதவன் போகலாம் என்றார் தந்தை. மைக்கை மேசை மேல் போட்டார் மகன். கட்கரி மேடையில் வராத எதிர்ப்பும் நெஞ்சுரமும் இந்தக் குடும்பத்தில் இருக்கத்தான் செய்தன என்று அன்றுதான் தெரிந்தது. பேரனுக்குப் பதவி என்றதும் வெளியே வந்தன. 2025 ஏப்ரலில் தந்தை தன்னையே தலைவராக அறிவித்தார். செப்டம்பரில் மகனைக் கட்சியை விட்டு நீக்கினார். நீக்கும் அதிகாரம் உங்களுக்கு இல்லை என்றது மகன் தரப்பு. சண்டை தேர்தல் ஆணையத்துக்கும் தில்லி உயர் நீதிமன்றத்துக்கும் போனது. 2026 ஜனவரியில் அன்புமணி போய்ப் பழனிசாமியோடு கூட்டணி என்று அறிவித்தார். 2017இல் ஆளுநரிடம் கொடுத்த பட்டியலின் நகல் தந்தையின் தைலாபுரத்தில் இருக்குமா, மகனின் பனையூரில் இருக்குமா என்பதும் இனி வழக்கில்தான் தீர வேண்டும்.

செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் 2021இல் யாப்லகோவின் போரிஸ் விஷ்னேவ்ஸ்கியைத் தோற்கடிக்க, அவர் தொகுதியில் வேறு இருவரைப் பெயர் மாற்றி, அவரைப் போலவே தாடியும் வழுக்கையுமாக வேட்பாளர் சுவரொட்டியில் நிறுத்தினார்கள். மூன்று போரிஸ் விஷ்னேவ்ஸ்கிகள். உலகப் பத்திரிகைகள் வாய் பிளந்தன. நமக்கு என்ன வியப்பு? 2024இல் ராமநாதபுரத்தில் ஓ. பன்னீர்செல்வத்துக்கு எதிராக இன்னும் ஐந்து ஓ. பன்னீர்செல்வங்கள் நின்றார்கள். ஆனால் அங்கும் சரி, ராமநாதபுரத்திலும் சரி, ஒரு ஆளைப் பலராக்க யாரோ மெனக்கெட வேண்டியிருந்தது. பெயர் தேட வேண்டும், வேட்புமனு எழுத வேண்டும், டெபாசிட் கட்ட வேண்டும். எங்கள் மாவட்டத்தின் எதிர்க்கட்சி அந்தத் தொந்தரவை எந்த ஆட்சிக்கும் வைக்கவில்லை. ஒரே கட்சி, ஒரே கொடி, இரண்டு தலைவர், இருவருக்கும் வேண்டியது அதே மாம்பழச் சின்னம். எல்லாம் வீட்டுச் செலவிலேயே முடிந்தது.